லோடா, காலியா?

என் அண்ணன் மேல் ஒரு துப்பாக்கிக் கேஸ் இருந்தது. இப்போது இல்லை. இல்லை என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இரண்டு வருடம் ஏழு மாதம் அந்த மனுஷனை உட்காரவிடாமல், எழுந்திருக்கவிடாமல் வைத்திருந்தது ஒரே ஒரு வார்த்தை. எங்கள் கடைக்கு எதிரில்தான் லாரிகள் நிற்கும் இடம். "லோடு ஏத்தியாச்சா?" "லோடு இறக்கியாச்சா?" என்று நாள் முழுக்க அந்த வார்த்தை காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

நான் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் டைப் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. எந்த வார்த்தை எங்கே போய் உட்கார்ந்தால் யார் உள்ளே போவார் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால்தான் இதை நானே எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் அண்ணனைப் பாவப்பட்ட ஆளாக்கிவிடுவார்கள். அவன் பாவம் எல்லாம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் எரிச்சல் மூட்டும் ஆள்.

எனக்கு இரண்டு வயது மூத்தவன். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டினான். சிமெண்ட், உரம், ஓடு, ஒருமுறை ஒரு சர்க்கஸ் கம்பெனியின் நாற்காலிகள் என்று ஏற்றாத சரக்கு இல்லை. முதுகில் இரண்டு வட்டு நகர்ந்து போனதும், மூட்டை ஏற்றி இறக்கும் வேலை இனி ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்போதுதான் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். காகித அட்டையில் வட்டம் போட்டு, தூரத்தில் படுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துச் சுடுவார்களே, அந்த விளையாட்டு. வேன் ஓட்டுவதோடு துப்பாக்கி அறைச் சாவியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளப்பின் கோச் மேடம் அவனை நேர்முகத்தில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "உங்களுக்குத் துப்பாக்கின்னா ஆசையா?" அண்ணன் சொன்னானாம், "பயம் மேடம்." அன்றே வேலை கொடுத்துவிட்டார்.

பயம் என்று சும்மா சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த மறுநாள், வாகனத்தில் துப்பாக்கி கொண்டு போவது பற்றிய விதிப் புத்தகத்தோடு என் கடைக்கு வந்து நின்றான். பதினோரு பக்கம், எறும்பு ஊர்வது போல எழுத்து.

"இதைப் பெரிய எழுத்துல அடிச்சுக் குடு."

"எதுக்குண்ணே? கோச் மேடம்கிட்ட கேட்டாச் சொல்லுவாங்களே."

"ரோட்டுல நிக்க வைக்கும்போது மேடம் இருக்க மாட்டாங்க. நான்தான் இருப்பேன்."

அடித்துக் கொடுத்தேன். அதனால் எனக்கும் மனப்பாடம். வாகனத்தில் போகும் துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். தோட்டா வேறொரு பெட்டியில், தனிப் பூட்டோடு. இரண்டும் ஓட்டுநரின் கைக்கு எட்டாத இடத்தில். புறப்படும் இடம், சேரும் இடம், தேதி எல்லாம் எழுதிய அனுமதிச் சீட்டு கையில். வழியில் வண்டியை ஆள் இல்லாமல் விடக் கூடாது. அண்ணன் இதைப் பிளாஸ்டிக் உறை போட்டு வேனில் தன் தலைக்கு மேல் செருகிவைத்தான். டீ குடிக்கக்கூட இறங்க மாட்டான். கடைக்காரரே வண்டிக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மகாராஜா மாதிரி உட்கார்ந்தபடி குடிப்பான்.

சட்டம் கேட்டது இரண்டு பூட்டு. அண்ணன் மூன்றாவதாக ஒன்று போட்டான். அது அவனுடைய சொந்த யோசனை. இந்தத் துப்பாக்கிகளின் பின்பக்கம் கைப்பிடியோடு ஓர் உருளை இருக்கும். முன்னும் பின்னும் நகரும். தோட்டாவை உள்ளே தள்ளுவதும் அதுதான், வெடிக்க வைப்பதும் அதுதான். அதற்குப் போல்ட் என்று பெயர். அதைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். எட்டு துப்பாக்கியின் எட்டு போல்ட்டையும் கழற்றி, துணியில் சுற்றி, ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டுவான். கிளப்பில் அவனுக்கு "மூணு பூட்டு" என்றே பெயர். பத்து வயதுப் பிள்ளைகள்கூட "மூணு பூட்டு அங்கிள்" என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டால் முறைப்பான், ஆனால் உள்ளுக்குள் பிடித்திருந்தது.

ஏற்றும்போது இன்னொரு வழக்கம். ஒவ்வொரு துப்பாக்கியையும் எடுத்து, தோட்டா உட்காரும் இடத்தில் சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்ப்பான். கண்ணை நம்ப மாட்டான். பார்த்துவிட்டு, "காலி" என்று வாய்விட்டுச் சொல்வான். பக்கத்தில் இருப்பவர் தானும் விரல் விட்டுப் பார்த்து "காலி" என்று பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டான். எட்டுக்கு எட்டுத் தடவை. அவனுடைய வலது சுண்டு விரல் நகத்தில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு இருக்கும்.

இந்தக் கூத்து வீடு வரைக்கும் வந்தது. அடுப்பை அணைத்தால் "காலி" என்பான். குழாயை மூடினால் "காலி". அண்ணி என் பள்ளித் தோழி. எனக்குக் கொஞ்சம் இளையவள்கூட. ஒருநாள் சமையலறையில் இருந்து அவன் "காலி" என்று குரல் கொடுக்க, இவள் கூடத்தில் இருந்தபடி, "ஆமாங்க, பாத்திரமும் காலி, என் பொறுமையும் காலி, வந்து சாப்பிடுங்க," என்றாள். இப்படி ஏழு வருடம் ஓடியது. அவன் கொண்டுபோகாத போட்டி இல்லை. ஒரு கீறல் இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான். நான்கு மணி நேரத் தொலைவில் போட்டி. காலையில் கோச் மேடம் எட்டு முறை "காலி" சொல்லி, மூன்று பெட்டியும் பூட்டி ஏற்றிய பிறகு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். அண்ணன் தனியாக வேனில் கிளம்பினான். நண்பகல் வெயிலில், பாலம் தாண்டியதும், சாலையில் தடுப்பு வைத்திருந்தார்கள். பெரிய ஆள் யாரோ அந்த வழியாக வருகிறாராம். எல்லா வண்டியையும் நிறுத்திச் சோதனை. அண்ணனுக்கு முன்னால் ஆறு லாரி. ஒவ்வொரு லாரியிடமும் ஒரு கான்ஸ்டபிள் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறார். கேள்வி உலகத்துக்கே தெரிந்த கேள்வி.

"லோடா, காலியா?"

இருபத்திரண்டு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன வாய் அண்ணனுடையது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். வண்டியில் சரக்கு இருக்கிறதா, வெறும் வண்டியா என்பதுதான் அதற்கு அர்த்தம். சரக்கு இருந்தது. சொன்னான்:

"லோடு சார்."

"என்ன லோடு?"

"ரைஃபிள் சார். சுடுற கிளப்போடது, எட்டு. பேப்பர் எல்லாம் இருக்கு."

கான்ஸ்டபிளுக்குச் சின்ன வயது. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். இரண்டடி பின்னால் போய், ஜீப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "சார், வண்டியில ரைஃபிள் இருக்கு சார். லோடுங்கிறான் சார்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை தடுப்பிலிருந்து ஜீப்புக்கு இருபதடி நடந்தது. புறப்பட்டபோது அதற்குச் சரக்கு என்று அர்த்தம். போய்ச் சேர்ந்தபோது தோட்டா நிரப்பிய துப்பாக்கி என்று அர்த்தம்.

இறக்கினார்கள். கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னார்கள். சாவியைப் பிடுங்கிப் பெட்டிகளைத் திறந்தார்கள். அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "காலி சார். விரலை விட்டுப் பாருங்க சார்." ஒருத்தரும் விரலை விடவில்லை. ஜீப்பில் இருந்த ஸ்டேஷன் எழுத்தர், முழங்காலில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார், "மொதல்ல லோடுன்னான், இப்ப காலிங்கிறான். மாத்திப் பேசுறான் சார்." அதையும் எழுதிக்கொண்டார்.

ஸ்டேஷனில் வைத்துக் கேட்டார்கள்.

"லோடுன்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன் சார். ஆனா அவர் வண்டியைப் பத்திக் கேட்டாரு..."

"சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

பொய் சொல்லத் தெரியாத ஆளிடம் இப்படித்தான் கேட்பார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் ஜாமீனில் கூட்டிவந்தோம். அறிக்கையின் நகலை என் கடையில் உட்கார்ந்து படித்தேன். அனுமதிச் சீட்டு சரி. பெட்டி சரி. பூட்டு சரி. தேதி சரி. அதில் எல்லாம் கை வைக்க முடியவில்லை அவர்களால். ஆனால் ஒரு வரி: "துப்பாக்கிகள் அனைத்தும் லோடு செய்யப்பட்ட நிலையில் இருப்பதாக ஓட்டுநர் தானே முன்வந்து தெரிவித்தார்." தானே முன்வந்து. நான் எத்தனையோ பொய்யை இரட்டை இடைவெளி விட்டு அடித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எட்டு துப்பாக்கியும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஒரு விரல், ஒரே ஒரு சுண்டு விரல் விட்டுப் பார்க்க அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் இல்லை. பார்த்திருந்தால் அந்த வரி இல்லை. எழுதுவதற்குச் சோம்பல் இல்லாதவர்களுக்குப் பார்ப்பதற்குச் சோம்பல். வாகனத்தில் நிரப்பிய துப்பாக்கி என்றால் அந்தச் சட்டத்தில் சிறை.

வக்கீல் நல்லவர். ஆனால் அவர் மேசையில் எங்கள் கேஸ் கட்டைப் போல நூறு கட்டு. அவர் சொன்னார்:

"ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல முடிச்சுடலாம். மொதல் தடவை, நல்ல பேரு, பேப்பர் எல்லாம் இருக்கு. எச்சரிச்சு விட்டுடுவாங்க. எதிர்த்து நின்னா வருஷக்கணக்குல இழுக்கும்."

அண்ணன் கேட்டான், "எதை ஒத்துக்கணும்?"

"லோடா இருந்துச்சுன்னு."

"இல்லையே சார்."

"எனக்குத் தெரியுதுங்க. ஒரு வார்த்தைதானே."

"பிள்ளைங்க முதுகுக்குப் பின்னால ஏழு வருஷம் நின்னிருக்கேன் சார். அவங்க அப்பா அம்மா என்னை நம்பி வீட்டுக்குப் போனாங்க. நான் லோடோட கொண்டுபோனேன்னு என் வாயால சொல்லிட்டா, அப்புறம் என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க நிப்பேன்?"

ஒத்துக்கொள் என்றுதான் நானும் சொன்னேன். மறைக்க விரும்பவில்லை. பெரிய யோக்கியன் மாதிரிப் பேசாதே, வீட்டை நினைத்துப் பார் என்று கடையில் நாலு பேர் முன்னால் கத்தினேன். பதினொரு நாள் அவன் என்னிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்து, "அந்த விதிப் புத்தகம் இன்னொரு நகல் அடி. வேன்ல இருந்ததை அவங்க எடுத்துக்கிட்டாங்க," என்றான். அடித்தேன். அதற்குப் பிறகு நான் ஒத்துக்கொள் என்று சொல்லவில்லை.

ஆயுதக் கேஸ் நிலுவையில் இருப்பவன் துப்பாக்கி அறைச் சாவியைத் தொடக் கூடாது. வேனும் ஓட்டக் கூடாது. கோச் மேடம் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். சுட்டு ஓட்டையான அட்டைகளை எடுத்துவிட்டுப் புதிய அட்டை ஒட்டும் வேலை கொடுத்தார். அண்ணன் பஸ்ஸில் போவான், அட்டை ஒட்டுவான், மீதி நேரம் துப்பாக்கி அறைக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். புதிதாக வந்த ஓட்டுநர் உள்ளே எடுத்து அடுக்கும்போது கம்பி ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் போகும்: "விரல் விட்டுப் பாத்தீங்களா?" ஒருநாள் நான் மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது இதைப் பார்த்தேன். தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தெருவில் பெயரும் மாறியது. "மூணு பூட்டு" போய் "லோடு" வந்தது. பழைய லாரி நண்பர்கள்தான் வைத்தார்கள், கேலிக்குத்தான். "என்ன லோடு அண்ணே, சௌக்கியமா?" என்பார்கள். அண்ணனும் சிரிப்பான். ஆனால் மேல் மாடியில் குடியிருப்பவர்கள் சிரிக்கவில்லை. அண்ணன் படியில் ஏறினால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அண்ணி ஒருநாள் மேலே ஏறிப் போய், "எங்க வீட்டுக்காரர் அடுப்பை அணைச்சாலே ரெண்டு பேரைச் சாட்சி கேக்கிற ஆளு. அவரைப் பாத்தா பயப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வாய்தாவைப் பற்றிச் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். இருபத்து மூன்று முறை. இன்ஸ்பெக்டர் விடுப்பு. இன்ஸ்பெக்டர் மாற்றல். நீதிபதி விடுப்பு. எழுத்தருக்குக் காய்ச்சல். ஆய்வுக்கூட அறிக்கை வரவில்லை. அறிக்கை வந்தது, பக்கம் குறைகிறது. ஒவ்வொரு முறையும் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்து என் கடையில் உட்காருவான். பதினொன்றரைக்குப் பெயரைக் கூப்பிடுவார்கள். பதினொன்று முப்பத்திரண்டுக்குத் திரும்பி வருவான். எங்கள் சட்டத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு "எதிரி" என்று பெயர். யாருக்கு எதிரி என்று யாரும் எழுதுவதில்லை.

இரண்டாம் வருடக் கடைசியில்தான் வக்கீல், கைப்பற்றிய பொருட்களின் பட்டியலைத் தெளிவாக அடித்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். கையெழுத்து, கோழி கிண்டியது போல இருந்தது. துப்பாக்கி எட்டு, ஒரு பெட்டியில். தோட்டா நானூறு, பூட்டிய பெட்டியில், முத்திரை பிரிக்காத அட்டைப் பெட்டிகளில். அடித்துக்கொண்டே போனேன். கடைசியில் "வாகன உதிரி பாகங்கள்" என்று ஒரு தலைப்பு. ஜாக்கி ஒன்று. ஸ்பேனர் மூன்று. கூடுதல் டயர் ஒன்று. போல்ட் எட்டு, பூட்டிய சிறு பெட்டியில், துணி சுற்றப்பட்டது.

என் விரல் நின்றுவிட்டது.

எழுத்தருக்குப் போல்ட் என்றால் நட்டு போல்ட். டயர் மாட்டும் சாமான் என்று ஜாக்கிக்குப் பக்கத்தில் எழுதிவிட்டார். துணியில் சுற்றிப் பூட்டு போட்டு நட்டு போல்ட்டைக் கொண்டுபோகும் ஓட்டுநர் இந்த உலகத்தில் எங்கே இருக்கிறான்? நட்டு எங்கே என்றாவது கேட்டிருக்க வேண்டாமா? அண்ணனை உடனே கூப்பிட்டேன். பஸ் பிடித்து வந்து படித்துப் பார்த்தான். "நான்தான் அன்னிக்கே மூணு பெட்டின்னு சொன்னேனே," என்றான். சொல்லித்தான் இருக்கிறான். வக்கீல், நான், எல்லோரும் மூன்றாவது பெட்டியை அவனுடைய பைத்தியங்களில் ஒன்று என்று காதில் வாங்காமல் விட்டிருக்கிறோம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

சாட்சிக் கூண்டில் எழுத்தரை நிறுத்தி வக்கீல் கேட்டார்:

"இந்த எட்டு போல்ட் எந்த வண்டிச் சக்கரத்துக்கு?"

"தெரியாதுங்க."

"ஆய்வுக்கூடம் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கு. துப்பாக்கிகள் போல்ட் இல்லாமல் வந்து சேர்ந்தன, அனுப்பி வைக்கவும்னு. நீங்க எங்கிருந்து எடுத்து அனுப்பினீங்க?"

எழுத்தர் கூண்டுக் கட்டையைத் தடவிக்கொண்டே, "உதிரி பாகத்துல இருந்துங்க," என்றார்.

"பிடிச்ச அன்னிக்கு அது எங்க இருந்துச்சு?"

"தனிப் பெட்டியிலங்க. பூட்டி இருந்துச்சு."

"தோட்டாவைத் தள்ளுற பாகமே வேற பெட்டியில பூட்டிக் கிடக்கு. தோட்டாவோ முத்திரை பிரிக்காம இன்னொரு பெட்டியில. அப்புறம் துப்பாக்கி எப்படி லோடா இருக்கும்?"

எழுத்தர் யோசித்துச் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: "அவரே சொன்னாருங்க."

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்யப்படுகிறது." அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். "சந்தேகமா? யாருக்கு, என்ன சந்தேகம்?" என்று கேட்க வாயெடுத்தான். வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வராந்தாவில் என்னிடம் சொன்னான், "நான் லோடோட வரலைன்னு இதுல எங்கேயும் எழுதலை, பாத்தியா?" பார்த்தேன். எழுதவில்லைதான். இனிப்பு வாங்கிவந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டார்கள்.

துப்பாக்கிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடிதம் வந்தது. கோச் மேடமும் அண்ணனும் வேனில் போனார்கள். ரசீது எழுதும் வேலை இருக்கும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். காலை பத்து மணி. ஸ்டேஷனில் அதே எழுத்தர். அவர் மேசைக்குப் பின்னால் பொருள் வைக்கும் அறை. கதவு எப்போதும் திறந்தே கிடக்குமாம், காற்றுக்காக. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நீள பெஞ்சு. புகார் கொடுக்க வருபவர்கள் உட்காரும் இடம். நான் அதில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். செல்போன் தொலைந்துவிட்டதாம்.

எழுத்தர் கையைக் காட்டினார். பொருள் அறையில், தரையில், கிழிந்த சாக்கு ஒன்றில் எட்டு துப்பாக்கியும் விறகுக் கட்டு மாதிரி கிடந்தன. குழாய் எல்லாம் பெஞ்சைப் பார்த்து. போல்ட்கள் உள்ளே மாட்டியிருந்தன.

"இது என்ன சார், போல்ட் மாட்டி வெச்சிருக்கீங்க?" என்றான் அண்ணன்.

"ஆய்வுக்கூடத்துல மாட்டிச் சுட்டுப் பாத்தாங்க. அப்படியே அனுப்பிட்டாங்க. தொலையாம இருக்கட்டும்னு நாங்களும் விட்டுட்டோம். வந்து ஒரு வருஷம் ஆகுது. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க, எடம் அடைக்குது."

அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. சாக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, போல்ட்டை இழுத்து, சுண்டு விரலை விட்டான். "காலி." கோச் மேடம் விரல் விட்டு, "காலி." எழுத்தர் கொட்டாவி விட்டார். இரண்டு, மூன்று, நான்கு. ஏழு வரைக்கும் காலி.

எட்டாவதை இழுத்தான். டிங் என்று சின்னச் சத்தம். பித்தளை நிறத்தில் ஒன்று தெறித்து, தரையில் உருண்டு, எழுத்தரின் செருப்பில் முட்டி நின்றது. முழுத் தோட்டா. முனை அப்படியே இருந்தது.

ஒரு வருடம். திறந்த கதவுக்குப் பின்னால், பெஞ்சைப் பார்த்து. பக்கத்துப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தை அந்தப் பளபளப்பைப் பார்த்துக் கையை நீட்டியது.

அண்ணன் தோட்டாவை எடுத்து மேசை மேல் நிற்க வைத்தான்.

"எழுதுங்க சார்."

"என்னத்தை எழுத? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. விடுங்க."

"அன்னிக்கும்தான் சார் யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

"அதை எல்லாம் இப்ப எதுக்குங்க..."

"எழுதுங்க. லோடு. உங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தைதான்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் அதை எடுத்தான். ரசீதில் "பெற்றுக்கொண்ட நிலை" என்ற இடத்தில் முன்கூட்டியே "நன்று" என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை ஒரு கோடு போட்டு அடித்தான். அவன் கையெழுத்து எப்போதும் மெதுவாகத்தான் வரும். "எட்டில் ஒன்று லோடுடன் இருந்தது. காவல் நிலையத்தில் பெறப்பட்டது" என்று எழுதி, தேதி போட்டு, மணியையும் போட்டு, கையெழுத்திட்டான். கோச் மேடம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன், அழுத்தி, பின்பக்கம் வரைக்கும் பதியும்படி. அந்தத் தோட்டாவை உள்ளே போட்டவர் யார், விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். எந்த ஓட்டுநரும் அதில் சம்பந்தப்படவில்லை. அதனால் விசாரணையும் இல்லை.

பிறகு அண்ணன் சட்டைப் பையிலிருந்து மூன்று புதுப் பூட்டுகளை எடுத்து மேசை மேல் வைத்தான். எட்டு போல்ட்டையும் கழற்றித் துணியில் சுற்றினான். முதல் துப்பாக்கியை எடுத்தான்.

"காலி," என்றான்.

கோச் மேடம் பதில் சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான். எழுத்தரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க சொல்லுங்க சார். குடுக்கிறவங்க நீங்கதானே. விரலை விட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அறையில் மற்ற போலீஸ்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மேசை மேல் தோட்டா நின்றுகொண்டிருந்தது. எழுத்தர் எழுந்தார். சுண்டு விரலை விட்டார். வெளியே எடுத்தபோது நகத்தில் கறுப்பு ஒட்டியிருந்தது.

"காலி," என்றார்.

இரண்டாவது. காலி. மூன்றாவது. காலி. அண்ணன் அவசரப்படவில்லை. இரண்டு வருடம் ஏழு மாதம் காத்திருந்தவனுக்கு என்ன அவசரம்? ஒவ்வொன்றையும் துடைத்து, நீட்டி, பதில் வாங்கி, பெட்டியில் வைத்தான். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எட்டாவதை நீட்டினான். எழுத்தர் விரலை விட்டு, தலையைக் குனிந்துகொண்டு, வாய்க்குள்ளே ஏதோ முனகினார்.

"கேக்கலை சார்," என்றான் அண்ணன்.